வால் நறுக்கிய கோப்புகள்

அலுவலகத்தில் அவருக்குச் சுத்தம் என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மகிழ்ந்துதான் இருப்பார். கட்டட வரைபடம் போட்டுத் தரும் இடத்தில் தலைமை எழுத்தர். புதுப் பேனா வாங்கினால், ஒட்டியிருக்கும் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்த பிறகுதான் எழுதத் தொடங்குவார்.

மேசைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது ஒன்று உறுத்தியது. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் ஒரு புள்ளியும் மூன்று எழுத்தும் தொங்கின. பெயர் மாற்றும் சாக்கில் அதை அழித்தார். இப்படிச் செய்தால் கோப்பு திறக்காமல் போகலாம், மாற்றவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. இத்தனை வருட சர்வீஸில் அவரை யாரும் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. 'ஆம்' என்று அழுத்தினார். கொஞ்ச நாளில் எல்லாக் கோப்புகளும் திறக்க மறுத்து, திரையில் வெற்றுத் தாள் படமாக நின்றன. எது வரைபடம், எது கடிதம் என்று கம்ப்யூட்டருக்கே தெரியவில்லை.

"வைரஸுங்க" என்றார் முதலாளியிடம். கூடவே, கம்ப்யூட்டர் படித்த மைத்துனன் ஒருவன் சும்மா இருப்பதையும் சொன்னார். அவன் சும்மா இருந்தது இவர் வீட்டுக் கூடத்தில், மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு. வேலை நிரந்தரமானால் தனியாக அறை பார்த்துப் போய்விடுவான். முதலில் தற்காலிகம், அப்புறம் பார்ப்போம் என்றார் முதலாளி. சுத்தம் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

மைத்துனனுக்கு வந்த அன்றே வைரஸ் யாரென்று தெரிந்துவிட்டது.

"வாலை ஏன் மாமா நறுக்குனீங்க? அது என்ன மாதிரி ஃபைல்னு சொல்றதே அதுதான்."

"இந்த ஃபைல் பேரு மாடிப்படி. படிக்குப் பின்னால எதுக்குடா மூணு எழுத்து?"

"உங்க பேருக்குப் பின்னால பட்டம் போட்டுக்கறீங்களே."

"அது படிச்சு வாங்குனது."

அவன் ஒவ்வொன்றாக வாலை ஒட்டினான். இவர் பின்னாலேயே போய் நறுக்கினார். மருத்துவமனை வரைபடம் அனுப்பவேண்டிய அன்று கோப்பு திறக்காமல் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. அதன் பிறகு ஓர் ஏற்பாடு செய்தான்: வால் இருக்கும், ஆனால் கண்ணில் படாது, எப்படிப் பெயர் மாற்றினாலும் கை அதன் மேல் போகாது.

"வால் எங்கடா?"

"உங்க இஷ்டப்படி எடுத்துட்டேன் மாமா."

"முதல்லயே செய்யறதுக்கென்ன? எல்லாம் சொன்னாத்தான் புரியுது உனக்கு."

அப்புறம் ஒரு கோப்பும் கெடவில்லை. தற்காலிகம் முடியும் சமயத்தில் முதலாளி சுத்தத்தைக் கூப்பிட்டார்.

"வைரஸ் எல்லாம் எப்படி இருக்கு?"

"அண்டாதுங்க. எல்லாப் பேரையும் நானே ஒழுங்குபண்ணி வெச்சிருக்கேன்."

"அப்ப உங்க மைத்துனருக்கு என்ன வேலை?"

அவனைப் புகழவேண்டிய இடம் இதுதான் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் புகழ்ந்தால் ஒழுங்கில் பாதி அவன் பங்குக்குப் போய்விடும். தொண்டையைச் செருமினார்.

"சொல்லிக் குடுத்தா செய்வான்ங்க."

மாலையில் வீட்டுக்கு வந்தபோது மைத்துனன் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"நாளையிலேருந்து வரவேணாம்னுட்டாரு மாமா. உங்களைத்தான் ஏகத்துக்குப் புகழ்ந்தாரு."

சுத்தம் செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துச் சுவரோரம் வைத்தார். பிறகு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னன்னு புகழ்ந்தாரு? விட்டுடாம சொல்லு."