முடுக்குக்குள் ஒரு சைலன்சர்

என் வண்டியின் சைலன்சரில் ஓட்டை விழுந்ததற்கு வாழை இலைதான் காரணம். சேர்மாதேவி தோட்டங்களில் இலை அறுத்து, கட்டுக் கட்டாகக் கட்டி, வாய்க்காலில் ஒரு முக்கு முக்கி எடுத்து, வண்டியின் இரண்டு பக்கமும் தொங்கவிடுவேன். திருநெல்வேலி டவுனுக்கும் ஜங்ஷனுக்கும் வந்து சாப்பாட்டுக் கடைகளில் போடுவதற்குள் அந்தத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக சைலன்சர் மேல் விழுந்துகொண்டே இருக்கும். சூடான தகட்டில் தினமும் தண்ணீர் விழுந்தால் எத்தனை நாள் தாங்கும்? நான்கு வருஷம் தாங்கியது. அதுவே அதிகம் என்று மெக்கானிக் சொன்னார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மெக்கானிக்கின் கடை பேட்டையில் மெயின் ரோட்டின் மேலேயே இருந்தது. ஒரு சாக்கை விரித்து அதில் மூன்று சைலன்சர்களை எனக்காக எடுத்து வைத்தார். ஒன்று, கம்பெனி சைலன்சர். அந்தக் கடையில் இருந்தது வேறு மாடலுக்கு உள்ளது. எனக்கு வேண்டுமென்றால் மதுரைக்கு எழுதிப் போட்டு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். இன்னொன்று வடக்கிலிருந்து வருவது, பளபளவென்று அட்டைப் பெட்டியில் இருந்தது. பெட்டி முழுக்க இங்கிலீஷ். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூன்றாவது, பக்கத்து வெல்டிங் பட்டறையில் வைத்து அவரே செய்தது. கட்டையாக, கறுப்புப் பெயிண்ட் அடித்து, பார்க்க உலக்கையின் துண்டு மாதிரி இருந்தது.

"இது கனத் தகடு அண்ணாச்சி. உங்க இலைத் தண்ணி இதை ஒண்ணும் பண்ணாது. வண்டி போனாலும் இது கிடக்கும்" என்றார்.

"சத்தம்?" என்று மட்டும் கேட்டேன்.

"மாட்டிக் காட்டுதேன், நீங்களே கேட்டுப் பாருங்க."

மாட்டி, உதைத்து ஸ்டார்ட் செய்தார். கடைக்குப் பின்னால் மரம் அறுக்கிற மில் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் கல் ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அந்த இடத்தில் என் வண்டிச் சத்தம் ஒரு சத்தமாகவே தெரியவில்லை. "புதுசுல கொஞ்சம் முழங்கும். ஓட ஓட உள்ள கரி பிடிச்சு அடங்கிரும்" என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு முன்பின் பழகாதவர்களிடம் இரண்டாவது கேள்வி கேட்க வராது. அதற்கு இதுவரை நான் கொடுத்த விலைகளில் இந்த சைலன்சரும் ஒன்று.

நாங்கள் குடியிருந்தது டவுனில் ஒரு வளவில். முன்னால் வீட்டுக்காரரின் வீடு. அதற்குப் பின்னால் ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வாடகை வீடுகள். தெருவுக்குப் போகவும் வரவும் ஒரே முடுக்கு, தெருப் பக்கம் கதவு வைத்த சந்து. இரண்டு ஆள் சேர்ந்து நடந்தால் தோள் இடிக்கும். இரண்டு பக்கமும் உயரமான சுவர். அதில் நின்று ஒருவர் இருமினால் ஆறாவது வீட்டில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள்.

அன்று சாயங்காலம் வண்டியோடு முடுக்கில் திரும்பியதும், பின்னால் வேறு ஏதோ பெரிய வண்டி வருகிறது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. சத்தம் என்னுடையதுதான். ஒரு சுவரில் மோதி, மறு சுவரில் மோதி, எனக்கு முன்னாலேயே முற்றத்துக்குப் போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். ஆறாவது வீட்டுப் பெண் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அது வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. நான் யாரையும் பார்க்காமல் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்காரர் கூப்பிட்டு விட்டார். பள்ளிக்கூடங்களை இன்ஸ்பெக்ஷன் பண்ணுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் போட்டுப் பேச மாட்டார்.

"என்னவே, வண்டில என்ன கட்டி வச்சிருக்கீரு?"

"சைலன்சர் மாத்தினேன் ஐயா."

"அதுக்குப் பேரு சைலன்சரா? கோயில் கொடைக்கு வேட்டுப் போடுதவன்கூட நேரங்காலம் பார்த்துப் போடுதான்வே."

"ஓட ஓட அடங்கிரும்னு மெக்கானிக் சொல்லுதாரு."

"அது அடங்குத வரைக்கும் நாங்கள்லாம் எங்க போய் இருக்க?" என்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். சத்தம் நிக்கணும். இல்லைன்னா வேற வீடு பார்த்துக்கிடும். பச்சப்பிள்ளை இருக்கிற இடம் இது."

கோபம் இல்லை. பள்ளிக்கூட வாத்தியாருக்கு எழுதும் குறிப்பைப் போலவே சொன்னார். மாதக் கடைசிக்குப் பதினேழு நாள் இருந்தது.

வேறு வீடு என்று அவர் லேசாகச் சொல்லிவிட்டார். எனக்கு அது லேசு இல்லை. வீடு தேட வேண்டுமென்றால் தெருத் தெருவாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். என்ன ஆட்கள், என்ன வேலை, எத்தனை பேர், முன்னால் இருந்த வீட்டை ஏன் விட்டீர்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு நான் என்ன சொல்வேன்? இந்த வீடுகூட என் மனைவி பேசிப் பிடித்ததுதான். பதினொரு வருஷம் ஆகிவிட்டது. மகளுக்குப் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில். இலை போடுகிற கடைகளும் பக்கம். மனைவிக்கு வளவில் மற்ற வீட்டுப் பெண்களும் சொந்தக்காரர்கள் மாதிரி. இதெல்லாம் ஒரு தகட்டுக் குழாயால் போகப்போகிறது என்பது முதலில் எனக்கு விளங்கவே இல்லை.

மறுநாளிலிருந்து வண்டியைத் தள்ள ஆரம்பித்தேன். விடியற்காலையில் முற்றத்திலிருந்து முடுக்கு வழியாகத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்து, அங்கிருந்தும் தெரு முக்கு வரை தள்ளி, அதன் பிறகுதான் ஸ்டார்ட் செய்வேன். திரும்பும்போது முக்கிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவேன். இரண்டு நாள் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாம் நாள் இரண்டாவது வீட்டு அண்ணன் தம்பி இருவரும் பார்த்துவிட்டார்கள். அச்சாபீஸில் வேலை பார்ப்பவர்கள். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்றார்கள்.

"அண்ணாச்சி வண்டி மக்கர் பண்ணுது போல. ஏலே, பின்னால பிடிலே!"

"இல்ல, வேண்டாம்" என்றேன்.

"சும்மா இருங்க அண்ணாச்சி, இதுல என்ன இருக்கு?"

"வேண்டாம்."

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டில் காப்பி வேண்டுமா என்று கேட்டால் இரண்டு தடவை வேண்டாம் என்றுதான் சொல்வோம். கேட்டவரும் அதைக் காதில் வாங்க மாட்டார். மூன்றாவது தடவை சொன்னால்தான் உண்மையிலேயே வேண்டாம் என்று அர்த்தம். நான் மூன்றாவது தடவை சொல்வதற்குள் வண்டி முடுக்குக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. "கியரைப் போடுங்க! கிளட்சை விடுங்க!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். யாராவது ஒன்றைச் செய்யச் சொன்னால் உடனே செய்துவிடுவது என் வழக்கம். விட்டேன். முடுக்கின் நட்ட நடுவில் வண்டி பிடித்துக்கொண்டது.

"பார்த்தீங்களா, எடுத்துட்டு!" என்று அண்ணன்காரர் கையைத் தட்டினார். பின்னால் பிள்ளை அழத் தொடங்கியது. வீட்டுக்காரர் வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் என்னைப் பார்த்தார், ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு யாரிடமும் பேசாமல் நானே சரிசெய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். வாய்க்கால் மடையில் தண்ணீர் கசிந்தால் தேங்காய் நாரைத் திணித்து அடைப்போம். சத்தத்தையும் அப்படி அடைக்கலாம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு தேங்காயின் நாரை உரித்து, கம்பியால் சைலன்சரின் வாய்க்குள் குத்திக் குத்தி ஏற்றினேன். இரண்டு நாள் வண்டி முனகிக்கொண்டு போனது. வேகம் இல்லை, சத்தமும் இல்லை. மூன்றாம் நாள் சுத்தமல்லிக்கு ரோடு பிரியும் விலக்குப் பக்கம் வரும்போது எதிரே சைக்கிளில் வந்தவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். திரும்பிப் பார்த்தால் பின்னால் ரோடே தெரியாத அளவுக்குப் புகை. எண்ணெயும் நாரும் சேர்ந்து கனன்றுகொண்டிருந்தன. நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நார் டப்பென்று வெடித்து வெளியே வந்து விழுந்தது.

ஜங்ஷன் கடையில் சமையல்காரர் இலைக் கட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, கொசு அடிக்கன்னு மூட்டம் போட்டீரா? இந்த இலையில சோத்தைப் போட்டா, குழம்பு தீஞ்சு போச்சுன்னு என்னையில்லா ஏசுவான்!"

அன்றைக்குக் கொண்டுபோன இலையில் பாதி மாட்டுக்குப் போயிற்று. ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி கேட்டாள்.

"சைலன்சர் வாங்கும்போது மெக்கானிக்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"மாட்டின பிறகு?"

"ஒண்ணும் சொல்லல."

"இன்னும் எட்டு நாள்தான் இருக்கு. நாளைக்கு நீங்க போய்ச் சொல்லலைன்னா நான் போவேன்" என்றாள். போகக்கூடியவள்தான்.

மறுநாள் போனேன். "என்ன அண்ணாச்சி, அடங்கிட்டா?" என்றார் மெக்கானிக். இல்லை என்றேன். அவர் ஸ்டார்ட் செய்து, தலையைச் சாய்த்துக் கேட்டு, "நல்லாத்தான இருக்கு?" என்றார். மில்லும் ஓடிக்கொண்டிருந்தது, லாரியும் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் நல்லாத்தான் இருந்தது. முடுக்கைப் பற்றியும் சுவரைப் பற்றியும் சொல்லிப் புரியவைக்க என்னிடம் பேச்சு இல்லை. "எங்க வளவுக்கு ஒரு தடவை வாரீங்களா?" என்று கேட்டேன்.

பின்னால் உட்கார்ந்து வந்தார். தெரு முக்கில் நான் வண்டியை அணைக்கவில்லை. அப்படியே முடுக்குக்குள் விட்டேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. என் தோளைத் தட்டினார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" இறங்கி, காதுக்குள் விரலை விட்டு ஆட்டினார். இரண்டு சுவரையும் மேலும் கீழும் பார்த்தார். "இங்கன வச்சுக் கேட்டா இது வண்டியே இல்ல அண்ணாச்சி. இதை அன்னைக்கே சொல்லிருக்கக் கூடாதா?"

சைலன்சரைக் கையோடு கழற்றிக்கொண்டு பஸ்ஸில் போனார். மூன்று நாள் நான் இலைக் கட்டுகளைப் பஸ்ஸின் மேலே போட்டுக் கொண்டுவந்தேன். அவர் அதை நடுவில் அறுத்து, உள்ளே ஓட்டை ஓட்டையாகத் துளைத்த குழாய் ஒன்றை வைத்து, அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்து, பின்பக்கம் தடுப்புத் தகடு ஒன்று வைத்து மறுபடியும் பற்றவைத்தார். மூன்றாம் நாள் மத்தியானம் அவரே கொண்டுவந்து முற்றத்தில் வைத்து மாட்டினார். அது அவருக்கு இப்போது மானப் பிரச்சினையாகிவிட்டது போலிருந்தது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"நான் கேட்டு நல்லாருக்குன்னு சொன்னா என்ன ஆச்சு? அந்தப் பிள்ளை தூங்கும்போது ஓட்டணும். முழிக்கக் கூடாது. அதான் பரீட்சை" என்றார்.

விசாரித்தால், பிள்ளை முழித்துக்கொண்டிருந்தது. அது தூங்கும் வரை காத்திருப்பது என்று ஆயிற்று. நான் வண்டிப் பக்கத்தில் நின்றேன். மெக்கானிக் படியில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து தாலாட்டு கேட்டது, நின்றது, மறுபடியும் முதலிலிருந்து கேட்டது.

"கடையைத் திறந்து போட்டுட்டு வந்துருக்கேன் ஐயா" என்றார் மெக்கானிக்.

"பைய பேசும்."

"ஒரு மணி நேரம் ஆகப்போகுது."

"பிள்ளை உமக்காகவா தூங்கும்? பைய பேசும்னேன்லா."

கடைசியில் ஆறாவது வீட்டு வாசலில் அந்தப் பெண் வந்து நின்று, பேசாமல் கையை மட்டும் அசைத்தாள். நான் உதைத்தேன். முதல் உதையிலேயே எடுத்துக்கொண்டது. முடுக்கு வழியே தெருவுக்குப் போனேன், வந்தேன். மறுபடியும் போகச் சொல்லி வீட்டுக்காரர் விரலால் காட்டினார். மூன்று தடவை போய் வந்தேன். மூடி போட்ட உலை கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். எல்லோரும் ஆறாவது வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே ஒரு அசைவும் இல்லை.

வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பரவாயில்லையே வே! பாஸ்!" என்று உரக்கச் சொன்னார்.

பிள்ளை வீறிட்டது.

அந்தப் பெண் வெளியே வந்து அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். மெக்கானிக் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ஸ்பேனர்களைப் பொறுக்க ஆரம்பித்தார். அவர் முதுகு குலுங்கியது. வீட்டுக்காரர் நாற்காலியை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடந்தார்.

வீட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தது. மனைவி எங்கள் வாசல் நிலையில் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு முன்பு என்றால் அவளைத்தான் அனுப்பியிருப்பேன். நான் அவர் பின்னாலேயே போனேன். அவர் கதவைத் தாண்டி உள்ளே காலை வைத்த பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"ஐயா, நாங்க இங்க இருக்கலாமா?"

அவர் திரும்பிப் பார்த்தார். காதின் நுனி சிவந்திருந்தது.

"இருக்காம எங்க போகப் போறீரு? விடியக்காலம் போகும்போது தெருக் கதவைச் சாத்திட்டுப் போகும். மாடு உள்ள வருது" என்றார்.