துரை போட்ட வெள்ளை மெத்தை

குருவிட்டைக்கு மேலே இருக்கும் ரப்பர் தோட்டத்தில் ஜெயம்மாவுக்கு ஆகாத ஆட்கள் நிறையப் பேர். அதில் முதல் ஆள் தோட்டத்தை நடத்த வந்த புதிய துரை. வந்து எட்டு மாதமாகியும் எந்த மரத்தில் பால் வெட்டலாம், எதில் கூடாது என்று தெரியாத மனிதர், மண் படாத சப்பாத்தோடு வந்து ஊருக்கெல்லாம் தொழில் சொல்லிக் கொடுப்பார்.

ஜெயம்மா பத்தொன்பது வருடம் பால் வெட்டியவள். தோட்டத்தில் மண் அள்ளும் குட்டி லோடர் இயந்திரத்தை ஓட்டிய இராமசாமி கட்டாருக்கு வேலைக்காகப் புறப்படும் முன், அவரை விடாமல் பிடித்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஆண்கள் சிரித்தார்கள். அந்த வருட மழையில் மண் சரிந்து, தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துப் பாதை மூடியது. லோடரால் இரண்டே நாளில் அள்ளித் திறந்தவள் அவள்தான். சிரித்தவர்கள் அந்தப் பாதையில்தான் வீட்டுக்குப் போனார்கள்.

கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள் என்றதும் துரைக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை, லோடரின் கிழிந்த சீட்டின் மேல் ஒரு பலகையை வைத்து, அதன்மேல் தோட்டத்து வெள்ளைக் கிரேப் ரப்பர் தாள்களை அடுக்கடுக்காக ஒட்ட வைத்தார். நம்ம சரக்கு நம்ம மெஷினிலேயே தெரியணுமாம்!

திங்கட்கிழமை காலை ஜெயம்மா ஏறி உட்கார்ந்து முடுக்க, எஞ்சின் உறுமியது. மண் வாளியைத் தூக்கும் இரும்புக் கைகள் எழவில்லை, சக்கரமும் அசையவில்லை.

"பொம்பளகிட்ட குடுத்தா இப்படித்தான்," என்றார் துரை. "நாளைக்கு நீ திரும்ப பால் வெட்டப் போ."

"தொர, அந்த சீட்டு..."

"நீ பேசாம இரு."



இரத்தினபுரியிலிருந்து மெக்கானிக் ஆஸிக் பாஸ் வந்தார். எண்ணெய் நிறைய இருந்தது, குழாய்களில் கசிவில்லை, பியூஸும் போகவில்லை. வெள்ளை மெத்தையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து நெம்புகோலை நாலு தடவை இழுத்தார்; ஒன்றும் அசையவில்லை.

"பம்ப் பழுதாப் பெய்த்து சேர். புதுசு போடோணும்."

ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். இரண்டு பேரும் ஆபீசுக்குத் தேநீர் குடிக்கப் போனார்கள்.

இராமசாமி முதல் நாளே அவளுக்குச் சொல்லியிருந்தார்: "சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் இருக்கு. ஆளு பாரம் அதுல விழுந்தாத்தான் எண்ணெய் கைக்குப் போகும். எந்திரிச்சா எல்லாம் நின்னுரும்." துரையின் பலகையோ சீட்டின் இரும்பு விளிம்பில் ஏறி உட்கார்ந்திருந்தது. யார் உட்கார்ந்தாலும் பாரம் இரும்புக்குத்தான் போகும், சுவிட்சுக்குப் போகாது.

பலகையை மெத்தையோடு பிடுங்கி வாளிக்குள் எறிந்தாள். கிழிந்த பஞ்சில் உட்கார்ந்து, மடிக்கு முன்னால் வரும் காப்புக் கம்பியை இறக்கி, நெம்புகோலை இழுத்தாள். கைகள் எழுந்தன. அப்படியே ஓட்டிக்கொண்டு போய் ஆபீஸ் வாசலில் நிறுத்தினாள்.

துரை கோப்பையோடு வெளியே வந்தார். ஆஸிக் பாஸ் அவருக்குப் பின்னால் ஒளிந்தார். விறகுக்காரர்களும் ரப்பர் தாள் ரோல் அடிக்கும் பெண்களும் கூடிவிட்டார்கள். சுவிட்சையும் பலகையையும் பற்றி ஜெயம்மா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

துரை தொண்டையைச் செருமினார். "சரி, சரி. பெரியவங்க வர்ற நேரம் மட்டும் அத மேல போட்டு வையி."

ஜெயம்மா வாளியைத் தாழ்த்தி, வெள்ளை மெத்தையை அவர் சப்பாத்துக்கு முன்னால் கொட்டினாள்.

"இது லோடருக்கு ஆகாதுங்க தொர. வேல நின்னுபோகுது. உங்க நாற்காலியில போட்டுக்குங்க, அங்க நின்னுபோறதுக்கு ஒண்ணும் இல்ல."