பதினேழாவது குறி

2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் ஒன்று பத்து. காலையில் தூறல் விழுந்து நின்றிருந்தது. பிறகு அடித்த வெயிலில் பொட்டல் முழுவதும் ஆவி கிளம்பியது. கொட்டாம்பட்டிக்கு மேற்கே எங்கள் குலசாமி கோயிலில் கிடாவெட்டு முடிந்து, கறியைக் கூறுபோட்டு இலைகளில் வைத்திருந்தார்கள். தலைக்கட்டுக்கு, அதாவது தனிக்குடித்தனமாக உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு கூறு. பட்டியலை வாசித்தவன் நான்.

பட்டியலில் அடுத்தவர் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. அவர் பெயரைச் சொல்லி, "தலைக்கட்டு ஒண்ணு" என்றேன்.

அண்ணனையும் சேர்த்து அவர் பக்கம் நின்றவை பன்னிரண்டு குடும்பங்கள். வரப்புத் தகராறு ஒன்றில் கோவித்துக்கொண்டு பத்தொன்பது வருடமாகக் கோயிலுக்கு வராதவர்கள். நான் நடையாய் நடந்து அழைத்ததால் அன்று வந்திருந்தார்கள். எங்கள் பங்காளிகளுக்குள் கூறு பிரிக்கையில் ஒரு வீடு விடுபட்டால் இரண்டே அர்த்தம்தான்: அந்த வீட்டில் ஆள் இல்லை, அல்லது தள்ளிவைத்துவிட்டார்கள்.

"ஏன்டா தம்பி, மிச்சம் பதினோரு வீடும் செத்தா போச்சு? கருமாதிக்கு எனக்கு யாரும் சொல்லலயே?"

யாரோ சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

"இல்லண்ணே, நீங்க அனுப்புனததான் வாசிச்சேன்."

"நான் பன்னெண்டுன்னு அனுப்புனேன். இம்புட்டுப் பேருக்கும் மொத ஆளா அனுப்புனேன். இந்தா பாரு."

அவருடைய போனில் பன்னிரண்டு. என் தாளில் ஒன்று. முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். கண் மங்கிவிட்டதா, புத்தி பேதலித்துவிட்டதா என்று தெரியவில்லை. என் கூறைத் தருகிறேன் என்றேன். மற்றவர்களும் தங்கள் இலைகளை நீட்டினார்கள்.

"கறிக்கா வந்தோம்? எங்கூர்ல கறிக்கடை இல்லையா?" என்றார். அத்தனை பேரும் வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஒவ்வொரு கிளையின் பெரியவரும் தன் பக்கத்துக் குடும்பங்களுக்காகப் போனில் அனுப்பியது ஒரு வரியாக வந்திருந்தது: பெயர், தலைக்கட்டு எண்ணிக்கை, வாலில் அனுப்பிய தேதியும் நேரமும். அந்த வால் வாசிக்க இடைஞ்சலாக இருந்ததால், நான் கற்றிருந்த அரைகுறை புரோகிராமில் அதை நறுக்கினேன். ஒரு வரியில் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்: "05-05-2024 18:42", எண், கோடு, புள்ளி எல்லாம் சேர்த்து, முன்னால் உள்ள இடைவெளியோடு பதினேழு குறி. எல்லா வரியிலும் கடைசிப் பதினேழை வெட்டு என்று எழுதினேன். நாற்பத்து மூன்று வரி போனது, நாற்பத்து மூன்று வரி வந்தது. திருப்தியாகத் தூங்கினேன்.

மற்ற எல்லோரும் வேலை முடிந்து சாயங்காலம் அனுப்பியவர்கள். அண்ணன் மட்டும் காலை 6:05. ஆறுக்கு முன்னால் சைபர் இல்லை. வால் பதினாறு குறிதான். பதினேழாவதாக என் கத்தி பன்னிரண்டில் இருந்த இரண்டை எடுத்துக்கொண்டது.

"ஒரு நாளாச்சும் எதையாவது எண்ணாம இருந்திருக்கீகளா? வரிய எண்ணத் தெரிஞ்சுது, தலைக்கட்டக் கூட்டிப் பாக்கத் தெரியலயாக்கும்?" என்றாள் மனைவி.

மறுநாள் அண்ணன் வீட்டு வாசலில் நின்று விளக்கினேன். கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அப்ப, சாமி காரியமாச்சேன்னு வெள்ளன குளிச்சுட்டு அனுப்புனேன் பாரு, அதான் குத்தமா?"

"குத்தம் என்னுதுண்ணே."

"அப்ப அதே எடத்துல, அதே வாயால பன்னெண்டுன்னு சொல்லு. வாரேன்."

வெறுங்கையோடு சொல்ல முடியாது. கூறு இருந்தால்தான் தலைக்கட்டு. அடுத்த ஞாயிறு என் செலவில் ஒரு கிடாய். அதற்குள் புரோகிராமையும் திருத்தியிருந்தேன்: குறிகளை எண்ணாமல், வரியின் கடைசியில் தேதியும் நேரமுமாக இருப்பதைத் தேடி அதை மட்டும் எடுக்கும்படி. இருந்தும் அன்று தாளை நம்பவில்லை. பொட்டலில் நின்று, பன்னிரண்டு வீட்டுக்காரர் பெயரையும் மனப்பாடமாகச் சொன்னேன். அண்ணன் இலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"சரியாத்தான்டா இருக்கு. இந்தத் தடவ வால மட்டுந்தானடா வெட்டுன?"

கிடாய் 15,500, வண்டி 900, பூசைச் சாமான் 740, வெட்டுக்கூலி 600. இந்த முறை கூட்டியும் பார்த்தேன்: ஆக மொத்தம் 17,740 ரூபாய்.