உயிரோடிருந்தவனுக்கு ஒரு மாலை

என் தம்பியை ஓர் இத்தாலிய ஓவியர் படமாக வரைந்தார். அதற்காக அவரை எங்கள் வீட்டுப் படி ஏற விடாமல் துரத்தியவள் நான்.

தொண்ணூறுகளில் அவர் சாந்தோமில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தார். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி இறந்தபின் கிளம்பி வந்தவர், பிள்ளைகள் இல்லை. குறியீட்டு ஓவியம்தான் அவருக்கு எல்லாம். அவர் வரைந்தால் ஏணி வெறும் ஏணியில்லை, முட்டை வெறும் முட்டையில்லை. கூடப் படித்தவர்கள் வாளி வாளியாகச் சாயத்தைக் கொட்டிப் பேர் வாங்கியபோதும் இவர் தன் மாதுளம்பழத்தையும் கண்கட்டிய பெண்ணையும் விடவில்லையாம். நூறு வருஷம் தாமதமாகப் பிறந்தவர் என்று அவர் ஊர்ப் பத்திரிகை கிண்டல் செய்ததாம். முப்பது வருஷம் டிராயிங் வாத்தியாராகக் காலம் தள்ளினார். சொந்த ஊரில் தனியாக ஒரு கண்காட்சிகூட நடக்கவில்லை.

இதெல்லாம் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்திருந்தான். கேன்வாஸை இழுத்து ஆணி அடிப்பது, ராயப்பேட்டையில் சட்டம் வாங்குவது, போகிற இடத்தில் அவருக்காகத் தமிழ் பேசுவது, எல்லாம் அவன்தான். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவன் இருதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்திருந்தது. அந்த மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு தடவை நிற்பான். ஆபரேஷன் பேச்சை எடுத்தால் சிரித்து மழுப்புவான். அப்பா இல்லாத வீடு. அம்மா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் இருந்த மயிலாப்பூர் அவருக்குக் கல்யாண விருந்து மாதிரி. லாரிச் சக்கரத்தடியிலும் சூலத்தின் முனையிலும் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துவிட்டு, நான் தப்பான ஊரில் பிறந்துவிட்டேன் என்று எங்கள் வீட்டுக் காபியைக் குடித்தபடி புலம்புவார். தெருவில் அவருக்கு இத்தாலி மாமா என்று பெயர். போன வீட்டிலெல்லாம் ஹாலில் சந்தன மாலை போட்ட ஒரு படமும், கீழே சிவப்பு ஜீரோ வாட் பல்பும் இருக்கும். யார் என்று கேட்பார். எங்கள் அப்பா, பெரிய மனுஷர் என்பார்கள். இறந்துவிட்டார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாலை போட்டபிறகு அதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா? வீட்டில் யாரை அதிகம் நேசிக்கிறார்களோ அவருக்கு மாலையும் விளக்கும் என்று மனிதர் எடுத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில் அவர் ஊர் ஓவியக் காலரி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. சென்னைப் படங்களை வைத்து முழுக் கண்காட்சி நடத்தத் தயார் என்றார்கள். வாழ்நாளில் முதல் தடவை. அதற்கு முன்னோட்டமாக அடையாறில் ஒரு ஹாலில் படங்களை மாட்டினார். நடுவில் வைக்க ஆளுயரத்துக்குத் தம்பியை வரைந்திருந்தார்.

அன்று தம்பிக்கு மூச்சு சரியில்லை, வீட்டில் படுத்திருந்தான். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு என்னோடு ஆட்டோவில் வந்தாள். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அவள் பிள்ளை. நெற்றியில் குங்குமம், சுற்றிலும் சந்தன மாலை, கீழே சிவப்பு பல்பு, எல்லாம் படத்துக்குள்ளேயே வரைந்தவை.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் பூரிப்போடு எங்களைப் பார்த்து ஓடிவந்தார். செத்தவர்களுக்குத்தான் இப்படி மாட்டுவோம் என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்ததையெல்லாம் ஆங்கிலத்தில் கொட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. எல்லார் முன்னாலும் தானே அந்தப் படத்தைக் கழற்றிச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார்.

பத்து நாள் கழித்து ஆப்பிள் பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். அதற்குள் தம்பி எழுந்திருக்க முடியாத நிலைக்கு வந்திருந்தான். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினார். இனி இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லிக் கேட்டைத் தாழிட்டேன். பையைக்கூட வாங்கவில்லை.

உள்ளே வந்தால் தம்பி விழித்திருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறது.

"அந்த மாலை எதுக்குன்னு அவருக்குத் தெரியாதுக்கா. எனக்குத் தெரியாதா? நாலு மாசம் எதிர்ல உக்காந்துண்டு பாத்தேன். நான்தான் சொல்லலை."

ஏன்டா என்றேன்.

"எப்படியும் என் ஹால் டிக்கெட் போட்டோவைப் பெரிசு பண்ணித்தான் மாட்டுவேள். இது நன்னா இருந்தது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, அவரை அழைத்துவரச் சொன்னான்.

நாளைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். மறுநாள் போகவில்லை. அம்மாவுக்குப் பயந்தேன் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டேன். பொய். விரட்டின வாயால் எப்படிக் கூப்பிடுவது என்கிற வீம்புதான். அதற்கு அடுத்த நாள் விடிகாலையில் தம்பி போய்விட்டான்.

அந்தப் படம் இல்லாமல் கண்காட்சி இல்லை என்று காலரியில் சொல்லிவிட்டார்களாம். அதை அனுப்ப அவர் மறுத்துவிட்டு, வீட்டைக் காலி செய்து ஊருக்குப் போனார். அங்கிருந்து எனக்கு ஒரே ஒரு கடிதம் எழுதினார். தம்பி எல்லாம் தெரிந்தும் ஏன் தன்னைத் தடுக்கவில்லை, வாய் திறக்கவிடாமல் தான் அவனை அவ்வளவு பயமுறுத்தி வைத்திருந்தோமா என்று கேட்டிருந்தார்.

அவனுக்கு அது பிடித்திருந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதவில்லை. அம்மா தினமும் அந்த மனிதரைச் சபித்துவிட்டுத்தான் சாதத்தில் கை வைப்பாள். அவளுக்குச் சபிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. எனக்கும்தான்.

பல வருஷம் கழித்து, அம்மா போனபின், பழைய விலாசத்துக்கு எழுதினேன். உங்களைத் தேடிக்கொண்டு வருகிறேன் என்று மட்டும் எழுதினேன். பதில் அவருடைய தங்கை மகளிடமிருந்து வந்தது. மாமா இறந்து இரண்டு வருஷமாகிறது என்றாள். இந்தியாவிலிருந்து திரும்பியபின் அவர் ஒரு கோடுகூடப் போடவில்லை, காரணம் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தாள்.

தெரியும். அவளுக்கும் நான் இன்னும் பதில் போடவில்லை.