பந்தியில் ஒரு காலி நாற்காலி

என் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. மனக்கஷ்டத்தைச் சொல்ல என்னிடம் வருகிறவர்களை வெளியே கண்டால், நானாக முகம் கொடுக்கக் கூடாது. அவர்கள் சிரித்தால் சிரிக்கலாம். ‘இவரை உனக்கு எப்படித் தெரியும்?’ என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டுவிடக் கூடாதே என்பதற்காகத்தான். பட்டணத்தில் படித்தபோது நல்ல சட்டமாகவே தெரிந்தது. நான் இப்போது வேலை பார்க்கும் பாறசாலைப் பக்கமோ, கண்டும் காணாமல் போனால் பகை என்று அர்த்தம். அதனால் வருகிறவர்களிடம் முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிடுவேன். ஒருவரிடம் மட்டும் மறந்துபோனேன்.

குன்னத்துகாலிலிருந்து வரும் ஓர் அக்கா அவர். மனநல ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்து திரும்பியவர். அதன் பிறகு சர்ச்சில் அவர் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. “அது சாரமில்ல டாக்டரே” என்பார்; பரவாயில்லை என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். நான் டாக்டர் இல்லை, மனநல ஆலோசகர்தான் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். எதைக் கேட்டாலும் சாரமில்ல. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

அந்தச் சர்ச்சில் ஒரு கல்யாணம். நானும் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. என்னைக் கண்டதும் அதிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நானோ சட்டத்தை நினைத்து, அடுத்த வரிசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மாத்திரையையும் நிறுத்திவிட்டாரோ என்று பயந்துபோய் போன் செய்தேன். “வாறேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வந்தார். உட்காரவில்லை.

“ஊர்க்காரங்க விலகிப் போறது எனக்குப் பழகிப்போச்சு. உங்களுக்கும் என்னையக் கண்டா நாணக்கேடாக்கும், இல்லியா? உங்களுக்காவத்தான் அந்தப் பைய எடுத்தேன். எனக்கு நல்ல சங்கடமாயிட்டு.”

கோபமாகத்தான் சொன்னார். அத்தனை மாதங்களில் முதல்முறையாக அவர் சாரமில்ல என்று சொல்லவில்லை. எனக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. மன்னிப்புக் கேட்டேன். சட்டத்தையும் அப்போதுதான் சொன்னேன்.

“எனக்கு அந்தச் சட்டம் வேண்டாம்” என்றார்.

“பக்கத்துல உள்ளவங்க கேட்டா என்ன சொல்லுவீங்க, அக்கா?”

“கேக்கட்டு. அப்ப பாத்துக்கிடலாம்.” பிறகுதான் உட்கார்ந்தார்.

போன மாதம் இன்னொரு கல்யாணம். நான் பிந்திப் போனேன். பந்தி நடுவிலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி அக்காவின் குரல் வந்தது: “டாக்டரே, இஞ்ச வாங்க. இடம் உண்டு.”

போய் உட்கார்ந்தேன். எதிரே இருந்த பெண் இலையிலிருந்து நிமிர்ந்து, இது யார் என்று அக்காவிடம் கேட்டாள்.

“மனசு சரியில்லாதப்ப நான் பேசப் போவேம்லா, எனக்க டாக்டராக்கும்” என்று சொல்லிவிட்டு, அக்கா பப்படத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டார்.

அன்று மட்டும் நான் டாக்டர் இல்லை என்று சொல்லவில்லை.