சொந்த ஊர்க்காரனுக்குக் கைதட்டக் கூடாது

எங்கள் மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் அணிக்காரன் நன்றாக ஆடினால் கை தட்டுவோம். மோசமாக ஆடினாலும் ஒன்றும் சொல்ல மாட்டோம். ஆயிரம் இருந்தாலும் அவன் விருந்தாளி. ஏச்சு முழுவதும் நம் பையன்களுக்கு மட்டும்தான். நம்மவன் விக்கெட் எடுத்தாலும் ஏச்சு, எடுக்காவிட்டாலும் ஏச்சு. யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ தெரியாது. எங்கள் இடக்கைப் பந்துவீச்சாளன் அடிபட்டுத் திரும்பி வரும்வரை எங்களில் ஒருவரும் அதை மீறியதில்லை.

மைதானம் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். மாப்பிள்ளையூரணியைத் தாண்டி, உப்பளம் தொடங்குகிற இடத்தில் கிடக்கும் பொட்டல் அது. ஒரு பக்கம் லாரிகள் நிற்கும். மறுபக்கம் உப்புப் பாத்தியின் கரை. பந்து கரையைத் தொட்டால் நாலு, தாண்டிப் பாத்தித் தண்ணீரில் விழுந்தால் ஆறு. நாங்கள் பத்துப் பதினைந்து பேர் அந்தக் கரைமேல்தான் உட்காருவோம். வேட்டியிலும் பேன்ட்டிலும் உப்பு ஒட்டும். வீட்டில் அதற்குத் தனியாகத் திட்டு விழும்.

எனக்கு ஊருக்குள் எலக்ட்ரிக் கடை. ஆறு நாளும் மேசைக்குப் பின்னால் நின்று, "சொல்லுங்க அண்ணாச்சி, செஞ்சிருவோம் அண்ணாச்சி" என்று இனிக்க இனிக்கப் பேச வேண்டும். போன வருஷம் வாங்கிய பல்பைக் கொண்டுவந்து மாற்றிக் கேட்பவனிடமும் சிரிக்க வேண்டும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். அதை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் கரையில் கொட்டுவேன். அந்த இடக்கையன் வாங்கிக்கொள்வான்.

அவன் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். கடற்கரைப் பக்கத்துப் பையன், நெடுநெடுவென்று இருப்பான். லாரிகள் நிற்கிற இடத்திலிருந்து ஓடி வருவான். கச்சான் காற்று மேற்கேயிருந்து மண்ணை வாரி அடிக்கும் மாதங்களில் மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க, இவன் அந்தக் காற்றைத் தோளில் வாங்கிக்கொண்டு வருவான். இடக்கை மேலே போவது தெரியும். பிறகு ஸ்டம்ப் சாய்வது தெரியும். நடுவில் பந்து வந்ததை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. பேட்ஸ்மேனின் கால்விரலுக்குப் பக்கத்தில் குத்தி உள்ளே போகும். வெறும் டென்னிஸ் பந்துதான், ஆனால் அவன் கையில் அது வேறு சாமான்.

"ஏலே, சோறு தின்னியா இல்லியாலே?" என்று நான் கத்துவேன்.

"பந்தப் போடச் சொன்னா பார்சல்ல அனுப்புதான்" என்று பக்கத்தில் ஒருவர் எடுத்துக்கொடுப்பார்.

என் இடப்பக்கம் எப்போதும் ஒரு வாத்தியார் உட்காருவார். நாசரேத்துக்காரர், கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். கெட்ட வார்த்தை அவர் வாயில் வராது. "தம்பி, நூத்துக்குப் பத்து" என்பார். அவர் அகராதியில் அதைவிடப் பெரிய வசை கிடையாது.

அவன் திரும்பி எங்களை ஒரு முறை முறைப்பான். அடுத்த பந்து இன்னும் வேகமாக வரும். அதற்காகத்தானே ஏசுவது.

ஒரு மழை நாளில் லாரியிலிருந்து இறங்கும்போது அவனுக்குப் படியில் கால் வழுக்கிவிட்டது. இடக்கை கதவுப் பிடியை விடவில்லை. உடம்பின் பாரம் முழுவதும் அந்தத் தோளில் தொங்கி, மூட்டு கழன்றுவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள். அதன் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேலாக அவன் பந்தைத் தொடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு வெறுப்பாக இருக்கிறது. போவோம், உட்காருவோம். வேறு யாரோ போடுவார்கள். ஏசுவோம், அதில் உப்பு உறைப்பு இருக்காது. லாரிகள் நிற்கிற பக்கம் என் கண் தானாகப் போகும். அங்கிருந்து ஒருவன் ஓடி வர மாட்டானா என்று இருக்கும். வயது ஐம்பதைத் தாண்டியவன் இப்படி ஏங்கலாமா என்று எனக்கே கூச்சம்தான். ஏங்கினேன், அதை மறைப்பானேன். வீட்டில் என் மனைவி, "எவம் பிள்ளைக்கோ கையில அடிபட்டா உங்களுக்கு ஏன் சோறு எறங்க மாட்டேங்கு?" என்று கேட்டாள்.

அவன் திரும்பி வந்த அன்று கரை நிறைந்துவிட்டது. பெட்டிக்கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். அவன் ஓடி வந்தான். பழைய இடத்திலிருந்து இல்லை, பாதித் தூரத்திலிருந்து. கை மேலே போனது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு பந்து மெதுவாக, ரொம்ப மெதுவாக, பேட்ஸ்மேனுக்கு எட்டாத தூரத்தில் போய் விழுந்தது. அம்பயர் இரண்டு கையையும் விரித்தார்.

கரையில் யாரோ கை தட்டினார்கள். பார்த்தால் எல்லாரும் தட்டிக்கொண்டிருந்தோம்.

"பரவாயில்ல தம்பி, மெதுவா போடுங்க" என்று நான் சொன்னேன். ஆமாம், நானேதான். அவனை அதற்கு முன் "ஏலே" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அன்று மட்டும் இல்லை, வாராவாரம் அதே கதைதான். அவன் ஃபீல்டிங்குக்குக் கரைப்பக்கம் வந்தால் யாராவது பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திப் போடுவார்கள். நடுவில் உட்கார நேரமேது? இருந்தாலும் போடுவார்கள். ஒருவர் நுங்கு வாங்கி வந்து நீட்டினார். அவன் அந்த நாற்காலியையும் நுங்கையும் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றான். அவன் பந்தில் நாலு போனால் கை தட்டினோம். ஆறு போனாலும் தட்டினோம். ஆட்டம் முடிந்து டீக்கடையில் நின்று அவன் தோளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினோம். மணிக்கட்டு சரியில்லை என்றார் ஒருவர். ஓட்டம் குறைந்துவிட்டது என்றார் இன்னொருவர். ஒருவர் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார், ஒருவர் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தார். எண்ணெய் தேய்க்கச் சொல்லி ஒரு பாட்டிலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். துக்க வீட்டில் பேசுவதுபோல எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினோம். அது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

கேப்டன் ஒருநாள் என்னிடம் தனியாக வந்தான். ஆழ்வார்திருநகரி அணியோடு ஒரு ஆட்டம் இருந்தது. தோற்றால் போட்டியிலிருந்து வெளியே. "இதுல ஒரு வாய்ப்பு குடுக்கேன் அண்ணாச்சி. இதுலயும் வேகம் வரலன்னா இனிமே இவன வச்சிக்கிட முடியாது. வேற பையன் இருக்கான். இவன்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றான். கேப்டன் மேல் குற்றம் சொல்ல முடியாது. நான் தலையை ஆட்டினேன்.

அந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் இடக்கையன் என் கடைக்கு வந்தான். மிக்ஸிக்குக் கார்பன் வேண்டும் என்றான்.

"வாங்க தம்பி" என்றேன்.

அவன் முகம் சுண்டிவிட்டது. "முன்னால என்னைய எப்படிக் கூப்பிடுவீங்க அண்ணாச்சி?"

"ஏன், என்ன?"

"ஏலேன்னுதான கூப்பிடுவீங்க. இப்பம் என்ன வாங்க போங்கன்னு? எல்லாரும் சேர்ந்து கை வேற தட்டுதீங்க. அசலூர்க்காரனுக்குத் தட்டுத கைய எனக்குத் தட்டுதீங்க. மொத நாள் வைடு போட்டதும் தட்டுனீங்க பாருங்க, அன்னைக்கே நெனச்சேன். சரி, நம்ம கத முடிஞ்சிட்டு, நம்மள விருந்தாளி ஆக்கிட்டாவன்னு."

"உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதாம்லே..."

"படட்டும். டாக்டரு எல்லாம் சரியாயிட்டுன்னுதான் சொல்லுதாரு. கைதான் பயப்படுது. பந்த விடுத நேரத்துல தானா நின்னுக்கிடுது. முன்னால நீங்க ஏசுனா எனக்குக் கோவம் வரும், கோவத்துல கைய மறந்துருவேன். இப்பம் அங்கன அவ்வளவு அமைதி. என் தோளு எனக்கே கேக்குது." கார்பனை வலது கையால் எடுத்துக்கொண்டான். "ஞாயித்துக்கெழம ஒரு நாளாவது ஏசுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றே எல்லாரிடமும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் கை தட்டக் கூடாது, பழையபடி ஏச வேண்டும் என்று பேசிவைத்தோம். வாத்தியார் இரண்டு மூன்று வாக்கியங்களைத் தயாரித்துக்கொண்டே வந்திருந்தார்.

ஆனால் ஆட்டம் தொடங்கியதும் ஒருவர் வாயும் திறக்கவில்லை. அவன் முதல் ஓவரிலேயே இரண்டு நாலு போனது. "சோறு தின்னியாலே" என்று கத்த வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. மூக்குமுட்டத் தின்றவனைத்தான் சாப்பிட்டாயா என்று கேலி பண்ணலாம். பட்டினி கிடக்கிறவனிடம் எப்படிக் கேட்பது? அவன் வேகமாகப் போட்ட காலத்தில் எங்கள் ஏச்சு எல்லாம் பொய். இப்போது ஏசினால் அது உண்மையாகிவிடும். அவன் எங்கள் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். கேப்டன் பந்தை அவனிடமிருந்து வாங்கி வேறொருவனிடம் கொடுத்தான்.

ஆனால் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. கடைசி ஓவர் வந்தபோது மற்றவர்களின் ஓவரெல்லாம் தீர்ந்திருந்தது. வேறு வழி இல்லாமல் பந்து அவன் கைக்கே வந்தது. எதிரணிக்கு நாலு ரன் வேண்டும், இரண்டு விக்கெட் பாக்கி. அவன் பந்து மெதுவாக வரும் என்று கீப்பர் ஸ்டம்புக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டான். அந்தக் காலத்தில் அவனுக்குக் கீப்பர் எவ்வளவு தள்ளி நிற்பான்.

முதல் பந்து அசைந்து அசைந்து வந்தது. பேட்ஸ்மேன் அவசரப்பட்டு முன்கூட்டியே மட்டையை வீசிவிட்டான். பந்து நிதானமாகப் பிறகு வந்து ஸ்டம்பைத் தட்டியது.

கரையே எழுந்துவிட்டது. வாத்தியார் தட்டுவதற்கு இரண்டு கையையும் தூக்கினார். நான் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அவன் மட்டும் குதிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றான். அது அவன் பந்து இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்போது எனக்கு வந்தது கோபமா, ஏக்கமா, இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"ஏலே, அது நீ எடுத்த விக்கெட் இல்லலே. அவன் தூக்கத்துல விட்டது."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன் என்று எனக்கும் தெரிந்தது. அவன் நிமிர்ந்து, கரையில் என்னைத் தேடிப் பிடித்து முறைத்தான். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்த முறைப்பு. பிறகு பந்தை எடுத்துக்கொண்டு நடந்தான். வழக்கமாகத் திரும்புகிற இடத்தைத் தாண்டியும் நடந்தான். லாரிகள் பக்கம் போய்த்தான் திரும்பினான்.

ஓடி வந்தான். கை மேலே போனது தெரிந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, கரையில் என் காலுக்குப் பக்கத்தில் வந்து மோதிய பந்துதான்.

வைடு. ஸ்டம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்தில் நின்ற கீப்பர் கையைக்கூட அசைக்கவில்லை. அந்த நாலோடு ஆட்டம் முடிந்தது. ஆழ்வார்திருநகரிப் பையன்கள் மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். எங்கள் கேப்டன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். இவன் மட்டும் தன் இடக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

யாரும் கை தட்டவில்லை. முதலில் வாய் திறந்தது வாத்தியார்தான். தயாரித்து வந்த வாக்கியங்களை எல்லாம் மறந்துவிட்டு, "ஏலே, ஸ்டம்பு எங்கன இருக்குன்னாவது தெரியுமாலே?" என்றார். அவ்வளவுதான், கரை முழுவதும் பிடித்துக்கொண்டது. அத்தனை நாள் அடக்கிவைத்த ஏச்செல்லாம் கொட்டியது. எனக்கு மட்டும் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பந்து இன்னொரு முறை வருமா, கேப்டன் அவனை வைத்துக்கொள்வானா, எதுவும் எனக்குத் தெரியாது. வந்ததே, அது போதும் என்றும் இருந்தது, இன்னும் ஒன்றே ஒன்று என்றும் இருந்தது.

அவன் கரையில் ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். இடத்தோளை வலது கையால் பிடித்திருந்தான், மூச்சு வாங்கியது.

"தோத்துட்டோம் அண்ணாச்சி."

"உன்னாலதாம்லே" என்றேன்.

"ஆமா" என்றான். ஒருவன் பழியை அவ்வளவு சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை.