ஹங்கேரி இசைத்தட்டில் விழுந்த சத்தம்

நம்பாதவர்கள் கஹவத்தைக்கு வந்து ஸாஜித்தைக் கேளுங்கள். ரேடியோ திருத்துபவன். மனைவியைத் தவிர வேறு யாரிடமும் பொய் சொல்லமாட்டான்.

2003. எனக்கு ஒரு நோய் இருந்தது: ஹங்கேரி நாட்டு புரோகிரசிவ் ராக். இருபது நிமிடப் பாட்டு, விளங்காத மொழி. அதுவும் முதல் அச்சு இசைத்தட்டாக இருக்கவேண்டும். மறு அச்சைத் தொடமாட்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இதற்கு மருந்தில்லை. எதற்குப் போனாலும் பனடோல்தான்.

மேல் டிவிஷன் ஜீவராணி டீச்சரின் தம்பி ஸ்ரீதரன், புலமைப்பரிசிலில் ஹங்கேரி போய்ப் படித்தவர். பாம்பு கடித்து இறந்து இரண்டு வருடம். அவருடைய தட்டுகள் ஒரு மரப்பெட்டியில் கிடந்தன. பள்ளிக்கூடத்துக்கு என் கெசட் பிளேயரைக் கொடுத்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்றார் டீச்சர். என்னிடமிருந்த ஒரே நல்ல பொருள் அது. கொடுத்தேன்.

"தொறந்து பார்த்தீங்களா டீச்சர்?"

"அவன் போனதுல இருந்து தொறக்கவே இல்ல தம்பி."

ஸாஜித்தின் கடையில் வைத்துத் திறந்தோம். எல்லாவற்றுக்கும் மேலே, நான் வருடக்கணக்கில் தேடிய தட்டு. உறையின் ஓரமெல்லாம் செம்மண். ஈரமாக. கீழே இருந்த தட்டுகள் காய்ந்துதான் கிடந்தன.

"மண்ணப் பூசிப் பழசுன்னு தள்ளிட்டாங்க மச்சான்," என்றான் ஸாஜித்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். லேபிளைச் சுற்றியுள்ள வெறும் வளையத்தில் தொழிற்சாலை கீறிய எண் இருந்தது. முதல் அச்சேதான். போட்டோம்.

ஆர்கன். கிட்டார். பிறகு...

தொம்.

பாட்டுக்கு அடியில். மரத்தின்மேல் ஏதோ விழுவதுபோல.

தொம்... தொம்...

ஸாஜித் ஊசியை மாற்றினான். ஸ்பீக்கரை மாற்றினான். வேறு தட்டுப் போட்டான். சுத்தமாக இருந்தது. திரும்ப இதைப் போட்டான்.

தொம்.

"கள்ள அச்சுடா. எவனோ வீட்டுல வச்சுப் பதிஞ்சிருக்கான். பக்கத்துல பலகை அடிச்சிருக்கானுங்க."

பக்கம் முடியும்வரை கேட்டோம். முடிந்ததும் ஸாஜித் ஊசியைத் தூக்கினான். கடையைப் பூட்டினான். மாலை நான்கு மணிக்கே.

மறுநாள் கெசட் பிளேயரைத் திருப்பிக் கேட்கப் போனேன்.

"பாட்டுக்கு நடுவுல தொம் தொம்முன்னு சத்தம் வருதுங்க டீச்சர். இது கள்ளத் தட்டு."

டீச்சர் தட்டைப் பார்த்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இது எங்க கெடச்சிச்சு?"

"நீங்க குடுத்த பெட்டியிலதாங்க. மேலாக்க கெடந்திச்சு."

"இல்ல தம்பி... இதுன்னா அவனுக்கு உசிரு. சவப்பெட்டியில அவன் நெஞ்சு மேல வச்சுத்தான் பொதைச்சோம். தூங்குற மாதிரியே கெடந்தான். அடமழை. குழி நெறைஞ்சிரும்னு அன்னைக்கே அவசரமா தூக்கிட்டாங்க. எல்லாருமா மண்ணு போட்டோம்."

தொம்.

கெசட் பிளேயர் எனக்கு மறந்தே போயிற்று.

"மண்ணு விழுந்ததுக்குப் பெறகு... வேற ஏதாச்சும் கேட்டிச்சா தம்பி?"

"ஒண்ணும் இல்லீங்க டீச்சர்."

கேட்டது.

முதலில், பலகையை உள்ளிருந்து சுரண்டுவதுபோல.

பிறகு ஒரு குரல். ஹங்கேரி மொழியில் அல்ல.

"அக்கா..."